கேள்வியை மட்டும் எழுதியவர்

செபஸ்தியான் பாட்டில் பாதியைத்தான் எழுதுவார். மீதியை ஊர் எழுதிக்கொள்ளும் என்பார். சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு பேரா என்று கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் சாலையில் இருக்கிற ஒரு பங்குக் கோயிலில் அவர் பாடகர் குழுவை நடத்திவந்தார். பிழைப்பு நூற்பாலையில், ஃபிட்டர் வேலை. பிறந்தது ஆத்தூர்ப் பக்கம், தோட்டக்காரக் குடும்பம். தோட்டம் பங்கு பிரிந்தபோது அண்ணன்மார் கிணற்றை எடுத்துக்கொண்டார்கள். இவர் பழைய ஆர்மோனியம் ஒன்றோடு டவுனுக்கு வந்து சேர்ந்தார்.

ஞாயிறு பூசையில் முதல் வாசகம் முடிந்ததும் பதிலுரைப் பாடல் வரும். மேடையில் ஒருவர் ஒரு வரியைப் பாடி நிறுத்துவார். கோயிலில் இருக்கிற அத்தனை பேரும் அடுத்த வரியைப் பாடி முடிப்பார்கள். சொற்கள் புத்தகத்தில் இருக்கும். மெட்டை யாராவது போடவேண்டும். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த யாராவது செபஸ்தியான்தான்.

ஆரம்பத்தில் அவருக்கு ஓர் அடி விழுந்தது. முதல் திருவிழாவுக்குக் கேள்வி வரி, பதில் வரி இரண்டையும் அவரே போட்டார். பதிலில் நல்ல நல்ல வளைவுகள் வைத்தார். தவக்காலம் முழுக்கக் குழுவைப் பழக்கினார். அன்றைக்குக் குழு பிசகில்லாமல் பாடியது. மக்கள் வாயைத் திறக்கவே இல்லை. கச்சேரி கேட்பவர்களைப்போல் உட்கார்ந்திருந்தார்கள். பூசை முடிந்து பத்துப் பேர் பாராட்டினார்கள். அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

அதே வருடம் ஆலையில் கூட வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனார். அடக்கப் பூசையில் செபஸ்தியான் தனியாக நின்று கேள்வி வரியைப் பாடினார். ஸ சுரத்தில் புறப்பட்டுப் ப வரைக்கும் ஏறி, ரி-க்கு இறங்கும்போது தொண்டை அடைத்துவிட்டது. பாட்டு அங்கேயே நின்றது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் அந்த வரியை எடுத்தது. பிறகு எல்லாரும் எடுத்தார்கள். கேள்வியின் முதல் பாதியை அப்படியே பிடித்து, கடைசியை மட்டும் மாற்றி, ஸ-வில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர் எழுதிவைத்திருந்த பதில் அதுவல்ல. அதைவிட எளியது, அதைவிடச் சரியானது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சகாயமேரியிடம், “மேரி, இன்னையோட என் வேலையில பாதி போச்சு” என்றார்.

“எந்த வேலை? மில்லு வேலையா?” சகாயமேரி கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

“பதில் எழுதுற வேலை. கேள்வியைச் சரியா நிறுத்துனா பதில் தானா வரும். இத்தனை நாளா அது தெரியாம நானே போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“அம்புட்டுத்தானே. கையக் கழுவுங்க.”

அதற்குப் பிறகு அவர் உழைப்பு முழுக்கக் கேள்வியில் இருந்தது. முதல் பாதி, ஒரே தடவை கேட்டவனுக்கும் மனதில் தங்கவேண்டும். பின் பாதி, படியேறுகிறவன் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பதுபோல் நிற்கவேண்டும். ரி-யில் நிறுத்தினால் பதில் சுருக்கமாக வரும். ப-வில் நிறுத்தினால் கொஞ்சம் சுற்றி வரும். கேள்வி கெட்டிக்காரத்தனம் காட்டினால் பதில் வரவே வராது. சில வரிகளை மாதக்கணக்கில் திருத்துவார். மகள் அறிவுச்செல்வி இதைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். பின்னாளில் அவள் கருவிப் பொறியியல் படித்து, ஆலைகளின் தராசுகளையும் அழுத்தமானிகளையும் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலைக்குப் போனபோது, “நீயும் நானும் ஒரே வேலைதான்டா. கேட்டுப்பிட்டு, அது என்ன சொல்லுதுன்னு பாக்குறது” என்றார்.

அவருடைய சோதனைக்கூடம் எதிர் வரிசையில் இருந்த அப்பாஸின் தையல் கடை. அப்பாஸுக்குக் கோயில் பாட்டு எதுவும் தெரியாது. அதனால்தான் அவர் தோதானவர். செபஸ்தியான் போய் நின்று கேள்வி வரியை மட்டும் பாடிவிட்டு, அங்கே தொங்கும் ரவிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மிஷினை மிதித்தபடியே அப்பாஸின் தொண்டையிலிருந்து ஒன்று வரும்.

“யோவ் செபஸ்தி, உங்க சாமிக்கு என் குரல் ஒத்துக்குமாய்யா?”

“சாமிக்கு இல்லய்யா. மூணாவது பெஞ்சுல தூங்குறான் பாரு, அவனுக்கு. நீ பாடிட்டா அவனும் பாடிருவான்.”

“அப்ப என்னைய தூங்குறவன்ங்கிற.”

“முழிச்சிருக்கவன் யோசிப்பான்யா. யோசிச்சா கெட்டுப்போகும்.”

இன்னொரு சோதனைக்கூடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சகாயமேரி வெஞ்சனத்துக்குக் காய் அரிந்துகொண்டிருப்பார். செபஸ்தியான் கேள்வி வரியை முணுமுணுத்தபடி அடுப்படியைக் கடந்து போவார். திரும்பி வரும்போது பதில் அங்கே காற்றில் இருக்கும். அவர் ஒன்றும் பேசாமல் செல்போனில் பதிந்துகொள்வார். அந்த நேரத்தில் சகாயமேரியை யாரும் பார்க்கக்கூடாது. பார்த்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார். அந்தப் பங்கில் பாடுகிற பதில்களில் பாதிக்குமேல் அடுப்படியில் பிறந்தவை. பாட்டின் கீழே செபஸ்தியான் பேர்தான் இருக்கும். சகாயமேரி அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் நன்றாக இருந்தார். தை மாதத்தில் ஒரு காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது ரேசர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. ஆமா. வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. செல்வி கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

பேச்சுப் பயிற்சிக்கு ஷாஹினா என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். படங்களைக் காட்டினாள், உதட்டைத் தொட்டுக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் சுவரில் சாய்த்து வைத்திருந்த கீபோர்டைப் பார்த்து, “அப்பா பாடுவாங்களாம்மா?” என்று கேட்டாள்.

“பாட்டுத்தான் அவரு” என்றார் சகாயமேரி.

“மூளையில பேச்சு இருக்கிற பக்கத்துலதான் அடி. பாட்டு வேற எடத்துலயும் தங்கியிருக்கும். நீங்க பாதி பாடி நிறுத்துங்க. பாப்போம்.”

சகாயமேரிக்குக் கேள்வி பாடிப் பழக்கமில்லை. சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, கணவரின் பழைய வரி ஒன்றைப் பாடி ரி-யில் நிறுத்தினார். செபஸ்தியானின் கண் அசைந்தது. தொண்டை அசைந்தது. வார்த்தை இல்லாமல், ஆனால் சுருதி பிசகாமல், பதில் வந்தது. கேள்வியின் தலையைப் பிடித்து ஏறி, வளைந்து, ஸ-வில் வந்து இறங்கியது. சகாயமேரி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

“நல்ல ஆரம்பம்மா” என்றாள் ஷாஹினா. “ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். பாட்டு வந்துச்சுன்னா பேச்சும் வந்துரும்னு இல்ல.”

பின்னால் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. செல்வி காதிலும்தான்.

வீடு மாறிப்போனது. காலையில் சகாயமேரி ஒரு வரி பாடுவார், அவர் பதில் தருவார். கஞ்சிக்கு முன்னால் ஒன்று, துடைத்துவிடும்போது ஒன்று. அக்கம்பக்கத்தார் கேட்க வந்தார்கள். அப்பாஸும் கடையை விட்டு வந்து கட்டிலருகே நின்றார்.

“யோவ், இம்புட்டு நாளா நீ கேட்ட, நான் சொன்னேன். இன்னைக்கு நான் கேக்குறேன். சொல்லுய்யா பாப்போம்.”

ஒரு வரியை அவர் கரகரத்த குரலில் பாடி நிறுத்தினார். பதில் வந்தது. அப்பாஸ், “பாஸாயிட்டய்யா” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க அவர் மிஷின் சத்தம் கேட்கவில்லை.

சகாயமேரிக்கு அந்த முனகலே மொழியாகிவிட்டது. இப்போது கோபமாகப் பாடினார், இப்போது சந்தோஷமாகப் பாடினார் என்று பிரித்துச் சொன்னார். ஜூன் மாதத் திருவிழாவுக்குப் புதுப் பதிலுரைப் பாடல் யார் போடுவது என்று பங்கிலிருந்து விசாரித்தபோது, “அவரே போட்டுத் தருவாரு” என்றார்.

விழுவதற்கு முந்தின வாரம் செபஸ்தியான் அந்தத் திருவிழாவுக்கென்று ஒரு கேள்வி வரியைச் செல்போனில் பதிந்திருந்தார். பதில் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. சகாயமேரி அந்த வரியைக் கேட்டு மனப்பாடம் செய்து கட்டிலருகே நின்று பாடினார். பதில் வந்தது. செல்வி பதிந்தாள். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பிரான்சிஸ் வந்து கேட்டுவிட்டு, “நல்லாருக்கு அத்தை” என்றான். வாசலுக்குப் போனதும் செல்வியைச் சாடையாக அழைத்தான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கேள்விக்கும் பதிலுக்கும் ஒட்டலையே.”

“என்ன ஒட்டல?”

“கேள்வி தாளம் நாலுல போகுது. பதில் மூணுல வருது. கேள்வி ப-வில நிக்குது, பதில் அதைக் காதுலயே வாங்கல. இது மாமாவோட பழைய பாட்டு ஒண்ணோட பதில்க்கா. எங்களுக்கெல்லாம் தெரியும்.” தரையைப் பார்த்தபடி நின்றான். “அத்தைகிட்ட நான் எப்படிச் சொல்றது?”

மறுநாள் சகாயமேரி சந்தைக்குப் போன நேரத்தில் செல்வி கீபோர்டைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள்.

ஆலைகளில் ஒரு தராசைச் சோதிக்கும்போது எடைக்கல்லை முதலில் எடுக்கமாட்டார்கள். எடையே வைக்காதபோது அது என்ன காட்டுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த முதல் வேலையை இத்தனை நாளும் செய்யாமல் விட்டுவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

புது வரியை வாசித்தாள். பதில் வந்தது. மூன்று நடையில் ஒரு வரி. அதே பதில். மிகவும் தாழ்ந்த சுருதியில் ஒன்று. அதே பதில், பழைய சுருதியிலேயே. பிறகு ஒரு வரியைத் தானே கட்டினாள். முழுவதாக ஸ-வில் வந்து முடிகிற வரி, யாரிடமும் எதையும் கேட்காத வரி. அதை வாசித்துவிட்டுக் கையை எடுத்தாள். அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பதில் வந்தது. ஒற்றைக் கட்டையை அழுத்தினாள். வந்தது. ஒன்றும் வாசிக்காமல் நாற்காலியை மட்டும் தள்ளினாள். தரையில் அது உரசிய சத்தம் அடங்கியதும், அழகாக, சுருதி பிசகாமல், அதே பதில் வந்தது.

கீபோர்டின் வயரைப் பிடுங்கினாள்.

கேள்வியைச் சரியா நிறுத்துனா பதில் தானா வரும். வீட்டில் ஆயிரம் தடவை கேட்ட பேச்சு. அந்த நம்பிக்கையில்தான் பதில் வந்ததும் ஆள் உள்ளே இருக்கிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தானாக வருகிற ஒன்றுக்கு ஆள் தேவையில்லை என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருந்தது. அவர் எழுதிய பாடல்கள் எல்லாமே அதன்மேல்தான் நின்றன.

சகாயமேரி கத்தரிக்காயும் மல்லித்தழையுமாகத் திரும்பி வந்தபோது செல்வி அடுப்படியில் நின்றாள்.

“அம்மா, அப்பா பதில் சொல்லலம்மா.”

“என்னடி சொல்ற?”

“எதைப் பாடுனாலும் அதையே பாடுறாரு. பாடாம இருந்தாலும் பாடுறாரு. நம்ம கேக்குறது அவருக்குப் போய்ச் சேரல.”

சகாயமேரி பையிலிருந்து காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“மிக்ஸி போட்டாலும் பாடுறாரு” என்றார். “எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா அவரே போட்டுத் தருவாருன்னு பங்குல சொன்ன?”

“ஏண்டி, இத்தனை வருசம் அவரு கேட்டுக்கிட்டே குறுக்க நெடுக்க நடப்பாரு. நான் காய் அரிஞ்சுக்கிட்டே பாடுவேன். நான் யோசிச்சா பாடுனேன்? என் நெனப்பெல்லாம் உலைத் தண்ணியில இருக்கும். அதுக்காக அன்னைக்கு நான் இல்லாமப் போயிட்டேனா?”

அம்மா சொன்னதில் தவறு இருப்பதாகச் செல்விக்குத் தோன்றவில்லை. கட்டிலில் இருப்பவர் விஷயத்தில் அது சரி என்றும் தோன்றவில்லை. நாற்காலி உரசிய சத்தத்தை அம்மாவிடம் அவள் சொல்லவில்லை.

“பிரான்சிஸ்கிட்ட வேற பாட்டுப் போட்டுக்கச் சொல்லு” என்றார் சகாயமேரி. கத்தியை எடுத்தார். அன்றைக்கு அவர் எதையும் முணுமுணுக்கவில்லை.

திருவிழாப் பூசைக்கு அவரை ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். சக்கர நாற்காலியை ஓரமாக, மின்விசிறிக்குக் கீழே போட்டார்கள். பிரான்சிஸ் செபஸ்தியானின் பழைய பதிலுரைப் பாடல் ஒன்றை எடுத்திருந்தான். கேள்வி வரி ரி-யில் நின்றதும் கோயில் முழுக்கப் பாடியது. கொடிமரத்தடியில் நின்றவர்கள்கூடப் பாடினார்கள். செபஸ்தியான் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை அசையவில்லை. சகாயமேரியும் வாயைத் திறக்கவில்லை.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது அவர் பாட ஆரம்பித்தார். சாமியார் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கிய இடம் அது. பதில் கணீரென்று வந்தது. சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், பிரியமான சிரிப்புத்தான். பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. சாமியார் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அது ஸ-வில் வந்து இறங்கிய பிறகு பிரசங்கத்தைத் தொடர்ந்தார். அடுத்த வாக்கியம் முடிந்ததும் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. செல்வி நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்து வெளியே கொண்டுபோனாள். சகாயமேரி செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு வெயிலில் பின்னாலேயே வந்தார்.

அதன்பிறகு அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை. சகாயமேரி கேள்வி பாடுவதும் நின்றது. ஷாஹினாவும் வேறொரு நோயாளியின் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது செல்வியின் கையைப் பிடித்தாள். “பாத்துக்கங்கக்கா” என்றாள்.

ஆகஸ்டில் அவருக்குச் சளி கட்டியது. விழுங்குவது கஷ்டமாயிற்று. அந்தப் பதில் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அதன் கடைசிச் சுரம் வரவில்லை. ஏறியது, வளைந்தது, ரி-க்கு வந்தது, நின்றது. மூச்சு முடிந்துபோயிருக்கும் என்று செல்வி நினைத்தாள். அடுத்த தடவையும் ரி-யில்தான் நின்றது. அதற்கடுத்த தடவையும்.

சகாயமேரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

“செல்வி, என்னமோ கேக்குறாருடி.”

“இல்லம்மா.”

“நிக்கிற எடத்தைப் பாரு. கேள்விதான் அது. என்னமோ வேணுங்கிறாரு.”

தண்ணீரைக் கரண்டியில் எடுத்து உதட்டில் வைத்தார். மறுபடியும் ரி. தலையணையை மாற்றினார். ரி. ஜன்னலைத் திறந்தார், மூடினார். போர்வையை விலக்கினார். ஜெபமாலையைக் கையில் வைத்து விரல்களை மடக்கினார். அது நழுவி விழுந்தது. ஆத்தூரிலிருந்து அவருடைய அண்ணனை வரவழைத்தார். அண்ணன் வந்து நின்றார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரி-யில்தான் நின்றது.

“அம்மா, சத்து இல்லம்மா. கடைசிச் சுரத்துக்கு மூச்சு பத்தல. அம்புட்டுத்தான். ஒண்ணும் கேக்கல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது. அதற்குச் சோதனை எதுவும் இல்லை. அப்பா தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் நிறுத்தியதும் அவளே ஸ-வைப் பாடிப் பார்த்தாள். அவர் கண் அவள் பக்கம் வந்தது. வந்ததா, விளக்கைப் பார்த்ததா என்று சொல்லமுடியவில்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். ரி-யில் நின்றார்.

அப்படியே சில நாள் போயிற்று. சகாயமேரி வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளையும் அவர் முன்னால் கொண்டுவந்து காட்டினார். சட்டை, கண்ணாடி, மில் அடையாள அட்டை, திருமணப் படம். ஒவ்வொன்றையும் காட்டிவிட்டு, “இதாங்க?” என்று கேட்பார். ஆமா என்ற சொல்லும் எப்போதோ போய்விட்டிருந்தது. பிறகு முனகல் இரண்டு சுரமாகக் குறைந்தது. பிறகு மூச்சு மட்டும். ஒரு மத்தியானம், சகாயமேரி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தபோதே, அதுவும் நின்றது.

அடக்கம் மறுநாள் சாயங்காலம். கோயில் நிரம்பிவிட்டது. பதிலுரைப் பாடலைப் பிரான்சிஸ் பாடவில்லை. சாமியார் வாசித்தார், மக்கள் பதிலையும் வாசிப்பாகவே சொன்னார்கள். யாரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை. பாட எழுந்த பிரான்சிஸால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கல்லறையில் பெட்டியை மூட வந்தார்கள். சகாயமேரி கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, “என்னங்க வேணும்? சொல்லுங்க” என்றார். அப்படியே குனிந்திருந்தார். ஆணியும் சுத்தியலும் வைத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். செல்வி அம்மாவின் தோளைத் தொட்டாள். அவர் நிமிர்ந்ததும் மூடினார்கள்.